மோரிப் கரையில் கரையிறங்கிய படை

கிள்ளானுக்குத் தெற்கே இருக்கிறது மோரிப் கடற்கரை. 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் இந்தியப் படை இங்கேதான் கரையிறங்கியது. மலாயாவை ஜப்பானியரிடமிருந்து மீட்கும் இத்திட்டத்தின் பெயர் 'ஆப்பரேஷன் ஸிப்பர்'.

பெரும்படைக்கு வெகு முன்பே சிறுபடை வந்துவிட்டது. 'போர்ஸ் 136' என்ற இரகசியப் பிரிவின் ஜான் டேவிஸ், 1943 மே மாதமே நீர்மூழ்கிக் கப்பலில் பேராக் கரைக்கு வந்து காட்டுக்குள் புகுந்தார். அங்கே ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் தர வேண்டும். படை இறங்கும் வேளையில் ஜப்பானியரின் ரயில் பாதையையும் தொலைபேசிக் கம்பியையும் துண்டிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. டேவிஸுடன் சேர்ந்த லிம் போ செங் ஜப்பானியரிடம் பிடிபட்டு, 1944-இல் பத்து காஜா சிறையில் மாண்டார்.

ஜப்பான் ஆகஸ்டிலேயே பணிந்துவிட்டதால் மோரிப்பில் எதிர்ப்பே இல்லை. நல்லவேளை! இராணுவ வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. எதிரி சுட்டிருந்தால் பெருஞ்சேதம்தான்.