மாற்றத்தின் காரணத்தையும் எழுதுவோம்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல், முல்லைப் பெரியாற்று நீரை நம்பி விளைகிறது. அவ்வணையைப் பற்றிய பேச்சில் 152, 136, 142 என்ற மூன்று எண்கள் தவறாமல் இடம்பெறும். 152 அடி என்பது முழு நீர்மட்டம். பாதுகாப்பு குறித்த அச்சத்தால், 1979-க்குப் பின் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தும் பணிகளைக் கருத்தில் கொண்டு, 142 அடி வரை தேக்கலாம் என 2006-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-இல் அதை உறுதிசெய்தது. காரணங்கள் பதிவாகியிருப்பதால்தான் இந்த எண்களுக்குப் பொருள் இருக்கிறது.

மென்பொருளுக்கும் இது பொருந்தும். லினக்ஸ் உருவாக்கத்துக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய 'கிட்', நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கிறது. எந்த வரி மாறியது என்பதை அதுவே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். அதற்கான இடமே 'கமிட்' குறிப்பு.

கட்டளை வரியிலேயே குறிப்பை எழுதும் குறுக்குவழி உண்டு. அவசரத்தில் அது 'திருத்தம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. குறுக்குவழியைத் தவிர்த்தால், குறிப்பு எழுதுவதற்கென ஓர் உரைத் திருத்தி திறக்கும். பழக்கமில்லாதவர்கள் 'விம்' திருத்தியிலிருந்து வெளியேறும் வழி தெரியாமல் திகைப்பதுண்டு. 'கோர்.எடிட்டர்' என்ற அமைப்பில் நானோ, நோட்பேட் என விரும்பியதைக் குறிப்பிட்டால் போதும். விஎஸ் கோட் எனில் 'வெயிட்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். இல்லையேல், நாம் எழுதி முடிக்கும்வரை கிட் காத்திராது. குறிப்பு வெறுமையாக இருப்பதாகக் கருதிப் பதிவைக் கைவிட்டுவிடும்.

முதல் வரியில் ஏறத்தாழ 50 எழுத்துகளில் சுருக்கம்; அடுத்து ஒரு வெற்று வரி; அதன்பின் காரணம். இதுவே பரவலான மரபு. 'என்ன சிக்கல்? ஏன் இந்தத் தீர்வு?' என்னும் கேள்விகளை ஒரு கோப்பில் எழுதி, 'கமிட்.டெம்ப்ளேட்' அமைப்பில் இணைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அவை திருத்தியில் தோன்றும். கேள்விகளின் தொடக்கத்தில் '#' குறியிட்டால், அவ்வரிகள் இறுதிக் குறிப்பில் இடம்பெறா.

இதில் பொருளியல் நியாயம் ஒன்றும் உண்டு. குறிப்பு எழுதாதவர் மிச்சப்படுத்துவது ஒரு நிமிடம். அதற்கான விலையைப் பின்னால் வருபவர் பல மணி நேர உழைப்பாகச் செலுத்துகிறார். பிறர் தலையில் விழும் இச்செலவைத்தான் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. தேனி மாவட்டக் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களில், நிரலுக்கு மட்டுமன்றி அதன் குறிப்புக்கும் மதிப்பெண் வழங்கினால், இந்தப் பொறுப்புணர்வு பணியில் சேரும் முன்பே வேரூன்றும்.