டிகிரி முடிக்கும் மகள் நர்ஸ் படிக்க ஆசைப்பட்டால்...

மகள் பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. ஒருநாள் இரவு தட்டில் சாதம் போடும்போது மெதுவாக ஆரம்பிக்கிறாள்: "அம்மா, நான் நர்ஸ் படிக்கட்டுமா?"

"ஏண்டி, இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்கிறாள் அம்மா. "ராத்திரி ட்யூட்டி பார்க்கிற பொண்ணை யாரு கட்டிப்பா?" என்று திண்ணையிலிருந்து பாட்டியின் குரல். அப்பாவுக்கோ, கட்டின பீஸெல்லாம் வீணாகிவிடுமோ என்று கவலை.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் ஆச்சரியமில்லை. பிளஸ் டூ முடித்ததும் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊராதலால், அதற்கான டிப்ளமோ படிப்பும் விருத்தாசலத்திலேயே உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் சேர்த்து விடுகிறோம். பதினேழு வயதில் தெரியாத மனசு இருபது வயதில்தான் தெரிகிறது. அது குற்றமா, சொல்லுங்கள்?

ஆகவே மகளைத் திட்டுவதற்கு முன்னால், அவள் ஆசைக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்போம். கல்யாணத்துக்குப் பிறகு, "நாம் இனிமேல் நர்ஸ் படிக்க முடியுமா?" என்று யோசிக்கும் இளம் தாய்மார்களுக்கும் இதே கணக்குத்தான்.

டிகிரியால் வருஷம் குறையுமா?

முதலில் கேட்கத் தோன்றுவது இதுதான். நம் நாட்டில் குறையாது. வேறு பட்டம் வாங்கியவள் என்பதற்காக நர்ஸிங் படிப்பில் ஒரு வருஷம்கூடக் கழித்துக் கொள்ள மாட்டார்கள்.

வெளிநாட்டில் அப்படி ஒரு வழி உண்டு. முதல் உலகப் போர் நடந்த 1918-ம் வருஷம், அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கோடைக்காலப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. வேறு வேறு பாடங்களில் பட்டம் பெற்ற 400-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். மூன்று மாத முகாமை முடித்தவர்களுக்கு மூன்று வருஷ நர்ஸ் பயிற்சி இரண்டு வருஷமாகக் குறைந்தது. பிறகு 1971-ல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர்களுக்கென்றே துரித நர்ஸிங் பட்டப் படிப்பைத் தொடங்கியது. சினிமாவிலோ, வெளிநாட்டு உறவுக்காரர் சொல்லியோ இதைக் கேள்விப்பட்டு, "இங்கேயும் இரண்டே வருஷத்தில் முடிச்சிடலாம்" என்று நம்பி யாரிடமும் பணம் கட்டிவிடாதீர்கள்!

நம் ஊரில் நர்ஸ் படிப்புக்கு நுழைவாயில் பிளஸ் டூ சான்றிதழ்தான். டிகிரி சான்றிதழ் அல்ல. இதை நன்றாக மனதில் வாங்கிக் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று படிகள்

முதல் படி ஏ.என்.எம்., இரண்டு வருஷம். கிராமத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் பணிக்கான பயிற்சி. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிப்படி, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவர்களும் இதில் சேரலாம்.

இரண்டாவது படி ஜி.என்.எம்., அதாவது டிப்ளமோ நர்ஸிங். மூன்று வருஷம். இதற்கு அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது என்பது கவுன்சிலின் நிலை. ஆங்கிலம் படித்திருப்பதோடு 40 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் அறிவியல் இல்லாமல் சேர்க்காத பள்ளிகளும் உண்டு. விளக்கக் குறிப்பேட்டை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பி.எஸ்ஸி. நர்ஸிங். நான்கு வருஷம். இதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் குறைந்தபட்ச மதிப்பெண்.

கீழ்ப்படியில் ஏறியவர் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேரலாம். ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருஷம் 'போஸ்ட் பேசிக்' படித்து பி.எஸ்ஸி. பட்டம் வாங்கலாம். அதற்கு மேல் எம்.எஸ்ஸி. நர்ஸிங்கும் இருக்கிறது.

வயசு? கவுன்சில் விதியில் குறைந்தபட்சம் 17, அதிகபட்சம் 35. மாநில அரசோ கல்லூரியோ இதைவிடக் குறைவான உச்ச வரம்பு வைப்பதுண்டு. இருபத்தோரு வயதுப் பெண்ணுக்கு இதில் பயமே வேண்டாம். முப்பதைத் தொட்ட தாய்மார்கள் மட்டும் முதல் வேலையாக இதை விசாரித்துவிட வேண்டும்.

டிகிரியை பாதியில் விடலாமா?

"நாலு வருஷம் படிக்கத்தான் போறேன். இந்தக் கடைசி செமஸ்டரை எதுக்கு எழுதணும்?" என்று பெண் கேட்பாள். நியாயமான கேள்விதான். இருந்தாலும், மூன்றாம் வருஷத்தில் இருப்பவள் பரீட்சையை எழுதி முடித்துவிடுவதே நல்லது.

நர்ஸிங் சேர்க்கை எப்படியும் புதுக் கல்வி ஆண்டில்தான் நடக்கும். இடையில் படிப்பை விட்டாலும் அந்த மாதங்கள் வீட்டில்தான் கழியும். நாளைக்கு நர்ஸிங் ஒத்துவராமல் போனால், பட்டதாரி என்ற தகுதி கையில் இருக்கும். அரசுத் தேர்வு எழுதலாம். படித்ததும் வீண் போகாது. நர்ஸிங் முதல் வருஷத்தில் உடற்கூறு, உடலியல், உயிர் வேதியியல், சத்துணவு, உளவியல், சமூகவியல் என்றெல்லாம் பாடங்கள் வரும். வேதியியல் படித்தவளுக்கு ஒன்று சுலபம், மனையியல் படித்தவளுக்கு வேறொன்று சுலபம்.

முதல் வருஷத்திலேயே இருப்பவள் கதை வேறு. பிளஸ் டூவில் உயிரியல் இருக்கிறது, மார்க்கும் போதும் என்றால், மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்வது அவளுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அடுத்த சேர்க்கையிலேயே முயற்சி பண்ணட்டும்.

இரண்டையும் ஒரே சமயத்தில் படிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு வழிவிட்டது உண்மைதான். ஆனால் நர்ஸிங்கைத் தபாலிலோ மாலை வகுப்பிலோ படிக்க முடியாது. வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். வார்டு பயிற்சியோ, பட்டம் கைக்கு வருமுன் முழுசாக, நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். காலையில் வார்டு, பிறகு வகுப்பு, இரவில் பதிவேடு எழுதுவது என்று ஓடும் பெண்ணால் இன்னொரு கல்லூரிக்கு எப்படிப் போக முடியும்?

பணத்தைக் கட்டுமுன்

நம் பக்கத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைநகரில் நர்ஸிங் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் ஏராளம். எதுவாயினும் இவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்:

இந்திய நர்ஸிங் கவுன்சிலும், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலும் அந்தக் கல்லூரியை அந்த ஆண்டுக்கு ஏற்றிருக்கின்றனவா? மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது.

பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? பி.எஸ்ஸி. நர்ஸிங் கல்லூரிக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. கட்டடத்தின் அழகைப் பார்க்காமல் வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா? கைக்குழந்தை உள்ளவர்கள் இதைச் சேருமுன்பே கேட்க வேண்டும்.

மொத்தச் செலவு என்ன? பீஸ், விடுதி, சீருடை, பஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்துக்கும் கணக்குப் போடுங்கள். வங்கிக் கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. முதல் பட்டதாரி போன்ற சலுகைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே பட்டம் வாங்கியவளுக்கு அவை கிடைக்காமல் போகலாம்.

2023-ல் தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. எனவே விதிகள் மாறக் கூடும். சேரும் வருஷத்தின் அறிவிப்புதான் கணக்கு.

பாட்டிக்கு என்ன பதில்?

சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் நர்ஸ் பயிற்சி ஆரம்பமானபோது மாணவிகள் நாலே பேர். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ் பள்ளி தொடங்கினார். அங்கே 1946-ல் நர்ஸிங் பட்டப் படிப்பே வந்துவிட்டது. பாட்டியின் பிரசவத்தைப் பார்த்ததும், பேத்திக்குத் தடுப்பூசி போட்டதும் யாரோ ஒரு வீட்டுப் பெண்தானே!

அதற்காகக் கஷ்டத்தை மறைக்க வேண்டாம். இரவு ட்யூட்டி நிஜம். மணிக்கணக்கில் நிற்பது நிஜம். அரசுப் பணியிலும் முதலில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். மலஜலம் எடுக்க முகம் சுளிக்கும் பெண்ணுக்கு இந்தப் படிப்பு பாரமாகிவிடும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், இரண்டு ராத்திரி அவளைத் துணைக்கு அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்த பிறகும் "நர்ஸ்தான் படிப்பேன்" என்றால், அந்த ஆசையை நம்பலாம்.

சேருவது முடிவானால் உடம்பையும் தயார் பண்ணுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ரத்தசோகையோடு வார்டில் நிற்க முடியாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ தினசரி உணவில் இருக்கட்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பீரோவைத் திறந்து பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுங்கள். உயிரியல் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று மகளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எந்தப் படியில் ஏறலாம் என்பதை அந்தக் காகிதமே சொல்லும். அக்கம்பக்கத்துப் பேச்சைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.