இரைப்பைக்கு ஒரு சாளரம்

உண்ட உணவு உடலாவது எவ்வாறு? இரைப்பை ஆட்டுக்கல்லைப் போல உணவை அரைக்கின்றது என்றனர் முன்னாளிற் சிலர். உணவு அங்கே அழுகுகின்றது என்றனர் வேறு சிலர். கரைக்குஞ் சாறொன்று அங்குண்டென இத்தாலியரான ஸ்பலன்சானி 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தும் வாதம் ஓயவில்லை. அதனை ஓயச் செய்தது ஓர் ஏழைத் தொழிலாளியின் புண்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், வட அமெரிக்காவின் ஹூரன் ஏரியிலுள்ள மாக்கினோத் தீவில், தோல் வணிகக் கடையொன்றில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது. கனடியப் படகோட்டியான அலெக்சிஸ் சென் மார்ட்டினின் இடப்பக்கம் பிளந்தது. காலையில் அவர் உண்ட உணவு காயத்தின் வழியே வெளிவந்தது. அவர் பிழையார் என்றே படை மருத்துவர் வில்லியம் போமொண்ட் எண்ணினார். ஆயினும் அவர் பிழைத்தார். புண் ஆறியது, துளை மூடவில்லை. அதனூடே இரைப்பையின் உட்புறம் கண்ணுக்குப் புலப்பட்டது.

1825 ஆகஸ்ட் 1ஆம் நாள், மருத்துவர் இறைச்சி, பாண், கோவா ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலிற் கட்டித் துளையினூடே இறக்கினார். ஒரு மணி நேரத்தின் பின் இழுத்துப் பார்க்கையில் பாணும் கோவாவும் பாதி சமித்திருந்தன, இறைச்சி மாறவில்லை. பின்பொருநாள் இரைப்பைச் சாற்றைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அவித்த இறைச்சியை அதிலிட்டார். அரைப்பார் எவருமின்றியே அது அன்றிரவுக்குள் கரைந்தது. குளிர்ந்த சாறோ அவ்வாறு கரைக்கவில்லை. சமிபாடு இரசாயன வினை என்பது இவற்றால் உறுதியாயிற்று.

அவ்வினை வாயிலேயே தொடங்குகின்றது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது, உமிழ்நீர் மாப்பொருளை வெல்லமாக மாற்றுவதனாலேயாம். களம் சுருங்கி விரிந்து கவளத்தை இரைப்பைக்குத் தள்ளுகின்றது. அங்கே ஐதரோக்குளோரிக்கமிலமும் பெப்சின் என்னும் நொதியமும் புரதத்தைப் பிரிக்கின்றன. அச்சாறு இரைப்பையையே அரித்துவிடாதவாறு சளிப்படலம் காக்கின்றது. எனினும் பெரும்பணி நிகழ்வது, ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சிறுகுடலிலேயே. ஈரலிலிருந்து வரும் பித்தம் கொழுப்பை நுண்துளிகளாக்குகின்றது. சதையியின் சாறு மாப்பொருள், புரதம், கொழுப்பு என்னும் மூன்றையும் உடைக்கின்றது. குடற்சுவரிலுள்ள எண்ணற்ற சடைமுளைகள் போசணையை உறிஞ்சுகின்றன. பெருங்குடல் நீரை மீட்டு, எஞ்சியதைக் கழிக்கின்றது.

1833இல் போமொண்ட் தம் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். அவற்றின் பொருட்டுப் பட்டினி கிடந்தும், மருத்துவரின் வீட்டில் விறகு பிளந்தும் காலங்கழித்த சென் மார்ட்டினோ, 1834இன் பின் பலமுறை அழைத்தும் அவரிடம் திரும்பவில்லை. 1880இல் சென் மார்ட்டின் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்து ஆராயாதிருக்கும் பொருட்டு, அது அழுகும்வரை காத்திருந்தே குடும்பத்தினர் அடக்கஞ் செய்தனர். மனித இரைப்பையைப் பற்றி உலகம் கற்ற முதற் பாடங்களிற் பல, அவர் விரும்பாது சுமந்த அத்துளையின் வழியே கிடைத்தவை.