கோரைக்கிழங்கினுள் வாழும் பங்கசு

பளையின் மணற்பாங்கான தென்னந்தோட்டங்களிலும் வன்னியின் வயல் வரம்புகளிலும் எத்தனை முறை கொத்திப் பிடுங்கினாலும் மறுபடி முளைத்தெழும் கோரையை விவசாயிகள் களையென்று வெறுத்துவர, சித்த வைத்தியர்களோ அதன் கிழங்கை முத்தக்காசு என்னும் பெயரில் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கழிச்சலுக்குமான கசாயங்களில் சேர்த்து வந்திருக்கின்றனர். இவ்விரு பார்வைகளுக்கும் அப்பால் அக்கிழங்கை மூன்றாவதொரு கண்ணால் நோக்கியவர்கள் பமோதா இரத்னவீர, கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் திலிப் டி சில்வா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் அண்டர்சன் ஆகியோரை உள்ளடக்கிய ஆய்வுக் குழுவினர் ஆவர். இலங்கையில் எடுக்கப்பட்ட கோரைக்கிழங்கினுள்ளே குடியிருந்த ஒரு பங்கசிலிருந்து, அதுவரை அறியப்படாத இரசாயனச் சேர்வை ஒன்றைப் பிரித்தெடுத்துச் சொலானியோயிக் அமிலம் எனப் பெயரிட்டு, 2015ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்தனர்.

தாவரத்தின் வேர், தண்டு, கிழங்கு ஆகியவற்றின் இழையங்களுக்குள் பங்கசுகளும் பற்றீரியாக்களும் பெரும்பாலும் தாவரத்துக்குத் தீங்கின்றி வாழ்கின்றன; இவை அகவாழிகள் எனப்படும். ஒரே இடத்துக்கும் ஒரே உணவுக்கும் போட்டியிடும் பிற நுண்ணுயிர்களை அடக்குவதற்கு இவற்றுட் பல நஞ்சுகளைச் சுரக்கின்றன என்பதால், மருந்து தேடுவோர் அகவாழிகளை நாடுகின்றனர். கிழங்கின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கிருமிகளை மதுசாரம் போன்றவற்றால் அழித்த பின் அதை வெட்டி, கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் வைத்தால், உள்ளே ஒளிந்திருந்த பங்கசு சில நாட்களில் வெளியே படர்ந்து வளரும். அதைப் பிரித்துப் பெருக்கி, அது சுரந்தவற்றைக் கரைப்பானில் இறக்கி, நோய்க்கிருமி வளரும் தட்டில் சிறிதளவு இடும்போது, அவ்விடத்தைச் சுற்றிக் கிருமியற்ற தெளிந்த வளையம் தோன்றுமாயின், சாற்றில் கிருமியை அடக்கும் பொருள் ஒன்று உண்டென்று கொள்ளலாம்.

கோரைக்கிழங்கிலிருந்து வெளிப்பட்ட பங்கசு, நெல்லின் இலைமடலைக் கருகச் செய்து வன்னி விவசாயிகளுக்கு நட்டத்தை ஏற்படுத்தும் ரைசொக்டோனியா சொலானி என்னும் அதே இனமாக இருந்தமையே இக்கண்டுபிடிப்பின் பெரும் வியப்பாகும். பயிரைக் கெடுப்பதென்றே பெரிதும் அறியப்பட்ட இனம் சுரந்த சேர்வை, வழமையான பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காமல் வைத்தியசாலைகளில் புண்களைச் சீழ்ப்பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகோக்கஸ் பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் தடுத்து நிறுத்தியது.

மண்ணிலும் செடியிலும் வாழும் நுண்ணுயிர்கள் மருந்து தந்தமை புதிதன்று. காசநோய்க்கு முதன்முதலில் பயன்பட்ட நுண்ணுயிர்க்கொல்லியாகிய ஸ்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மண்வாழ் பற்றீரியா ஒன்றிலிருந்து கிடைத்தது. பசிபிக் சமுத்திரத்தின் ஈஸ்டர் தீவில் 1964இல் எடுக்கப்பட்ட மண்ணிலிருந்து பெறப்பட்ட ராபமைசின், மாற்றப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காது காக்கும் மருந்தாக இன்று பயன்படுகிறது.

ஆயினும் தேடல் எளிதன்று. ஏனெனில் தட்டில் தெளிந்த வளையத்தை உண்டாக்கும் பொருள் பெரும்பாலும் ஏற்கெனவே அறியப்பட்டதாகவே இருந்துவிடுகிறது. இலங்கையின் வறண்ட தென்கிழக்கில் வளரும் சப்பாத்திக்கள்ளியின் அகவாழிப் பங்கசை இதே ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது கிடைத்த ஈக்விசெட்டின் அத்தகைய பழைய சேர்வையே. புதிய சேர்வை கிடைத்தாலும், தட்டில் கிருமியைக் கொல்வது மனித உடலிற் பாதுகாப்பாகச் செயற்படும் மருந்தாக மாறுவதற்கு நீண்ட காலமும் பெரும் பணமும் வேண்டும். கோரைக்கிழங்குக் கசாயம் வைத்தியர் தரும் நுண்ணுயிர்க்கொல்லிக்கு ஈடாகும் என்று இவ்வாய்விலிருந்து எவரும் கருதுவதும் தவறாகும்.

பளைக்குத் தெற்கே ஆனையிறவு உப்பளத்தின் செறிந்த உப்புநீரிலும், கடனீரேரிக் கரையின் செடிகளிலும், கடும் உப்பையும் வெயிலையும் தாங்கிப் பழகிய நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பழைய சேர்வைகளே மீண்டும் மீண்டும் கிடைக்கும் நிலையில், இத்தகைய வாழ்விடங்களே புதியவற்றைத் தேடுவோர் முதலில் நாட வேண்டியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இயங்குவதால் தேடலுக்கான அறிவும் அண்மையிலேயே உண்டு. ஆராய வேண்டிய செடிகளைத் தெரிவு செய்வதற்கு, எந்தச் செடி எந்த நோய்க்கு உதவும் என்பதை அறிந்த வன்னியின் மூத்த வைத்தியர்களிடம் அப்பீடத்தின் மாணவர்கள் சென்று கேட்டு எழுதிக்கொள்ளும் பணியை, அம்மூத்தோர் வாழும் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.