408 ஓட்டமும் ஒரு கேள்வியும்

தோல்வி நமக்குப் புதிதல்ல. தேர்தல் களத்திலும் தொழிற்சங்கக் களத்திலும் தோற்று, துடைத்துக்கொண்டு எழுந்தவர்கள் நாம். ஆனால் 2025 நவம்பர் 26 அன்று கௌகாத்தியில் இந்தியக் கிரிக்கெட் அணி பெற்ற அடி, துடைத்துவிட்டுப் போகும் அடியல்ல. தென்னாப்பிரிக்காவிடம் 408 ஓட்ட வித்தியாசத்தில் தோல்வி! இந்தியா முதல் டெஸ்ட் பந்தயம் ஆடிய 1932ஆம் ஆண்டிலிருந்து கணக்கெடுத்தாலும், ஓட்டக் கணக்கில் இத்தனை பெரிய தோல்வி இல்லை. 2004இல் நாகபுரியில் ஆஸ்திரேலியாவிடம் 342 ஓட்டத்தில் தோற்றதுதான் அதுவரை பெரிது.

தேவைப்பட்டது 549, எடுத்தது 140. அதற்குப் பத்து நாள் முன்னர் கல்கத்தாவில் தேவைப்பட்டது வெறும் 124, எடுத்தது 93. இரண்டு பந்தயம், இரண்டு தோல்வி. இந்திய மண்ணில் தென்னாப்பிரிக்கா தொடரை வென்றது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

கௌகாத்தி மைதானத்திலேயே பயிற்சியாளர் கௌதம் கம்பீருக்கு எதிராக முழக்கம் எழுந்தது. மைதானத்தில் எழுந்த முழக்கம் வீதிக்கு வந்தது. வீதியிலிருந்து மூலைமுடுக்குக்கெல்லாம் சென்றது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடியில் அலைமோதும் கூட்டமும், வாழைத் தோட்டமும் கொண்ட ஊர். சம்புவராயர் ஆண்ட காலத்தில் அதன் பெயர் படைவீடு. படை தங்கிய வீடு! 14ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணனின் படை வந்து அந்தச் சம்புவராயரை வீழ்த்தியது. படையைத் திரட்டுவதும், படை தோற்பதும் என்னவென்று வரலாற்றில் கண்ட ஊர் அது.

அந்த ஊர்த் தேநீர்க்கடைப் பலகையில் நாம் மனத்தளவில் போய் உட்காருவோம். வாழைத்தார் ஏற்றிவிட்டு வந்த தொழிலாளி ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு எப்படிப் போகும்?

"பழைய ஆளுங்களை அனுப்பிட்டாங்கண்ணே! அதான் வந்த வினை" என்பான் மாணவன். 2024 டிசம்பரில் அசுவின் ஓய்வு பெற்றார்; 2025 மே மாதத்தில் ரோகித் சர்மாவும் விராட் கோலியும் டெஸ்ட் ஆட்டத்தை விட்டு விலகினர். அதைச் சொல்கிறான்.

"அதெல்லாம் இல்லைப்பா! நம்ம வாஷிங்டன் சுந்தரைப் பந்தாடுறாங்களே, அதைப் பாரு" என்பார் ஓட்டுநர். உண்மைதான். கல்கத்தாவில் மூன்றாவது ஆளாக இறக்கப்பட்டார் சுந்தர். எல்லோரும் சரிந்த இரண்டாவது ஆட்டத்தில் 31 ஓட்டம் எடுத்தார். அணியில் அதுவே அதிகம். அடுத்த பந்தயத்தில் அவர் எட்டாவது ஆள்! அவர் இருந்த இடத்தில் இன்னொரு தமிழ்நாட்டு இளைஞர் சாய் சுதர்சன். கடைசி நாளில் 139 பந்துகளைத் தடுத்து நின்று 14 ஓட்டம் எடுத்தார் அவர். ஒரே தொடரில் ஒரே இடத்துக்கு இரண்டு ஆள்! நேற்று மேஸ்திரி, இன்று சித்தாள், நாளை என்னவென்று தெரியாது என்றால் எந்தத் தொழிலாளி கை நடுங்காமல் கரண்டி பிடிப்பான்?

"ஆடுகளத்தைக் கேட்டு வாங்கினதே இவங்கதானே?" என்பார் வாழைத்தார் தோழர். அதுவும் உண்மை. பந்து திரும்பும் களம்தான் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டதைப் பயிற்சியாளரே ஒப்புக்கொண்டார். நான்கு சுழற்பந்து வீச்சாளர்களுடன் இறங்கினார்கள். எதிரணியின் சைமன் ஹார்மர் இரண்டு பந்தயங்களில் 17 விக்கெட்டுகளைச் சாய்த்தார். எதிரிக்கு வெட்டிய குழி, விழுந்தவர் வெட்டியவரே!

இந்தப் பேச்சை வீண்பேச்சு என்று சிலர் ஏளனம் செய்வார்கள். "பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். டிக்கெட் வாங்குகிறவன் அவன்; தொலைக்காட்சி முன் உட்கார்ந்து விளம்பரம் பார்த்து வாரியத்தின் கருவூலத்தை நிரப்புகிறவன் அவன். கேட்பது அவன் உரிமை. உரிமைக்கு எல்லை உண்டு என்பதை மட்டும் அவன் மறக்கலாகாது.

மறந்தபோது என்ன நடந்தது? 1974 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் 42 ஓட்டத்துக்குள் இந்தியா சுருண்டது. மூன்று ஆண்டுக்கு முன் இங்கிலாந்தை வென்றதற்காகத் தலையில் தூக்கி ஆடிய அதே அஜித் வாடேகரின் வீட்டின்மீது கல் பறந்தது. அந்த வெற்றியின் நினைவாக இந்தூரில் நிறுத்திய மாபெரும் மட்டையின்மீது தார் பூசினர். 1996இல் உலகக் கோப்பை அரையிறுதியின்போது கல்கத்தாவில் பாட்டில் பறந்தது, தீ எரிந்தது. ஆட்டம் நின்று இலங்கைக்கு வெற்றி தரப்பட்டது. 2007இல் உலகக் கோப்பையில் தோற்றதும் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை நொறுக்கினர். நான்கு ஆண்டு கழித்து அவரே கோப்பையைக் கொண்டுவந்தார். கல்லெறிந்த கைகளும் அன்று தட்டியிருக்கும்!

நம் சேப்பாக்கம் வேறு பாடம் சொன்னது. 1999 ஜனவரி 31. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 ஓட்டம் எடுத்தும், பாகிஸ்தானிடம் 12 ஓட்டத்தில் இந்தியா தோற்றது. நெஞ்சு உடைந்தது; ஆனால் எழுந்து நின்றது கூட்டம். வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வர, கைதட்டி வாழ்த்தியது. தோல்வியில்தான் ரசிகனின் உயரம் தெரியும் என்று சென்னை அன்று காட்டியது.

ஆகவே கல் வேண்டாம், கேள்வி போதும். ஆனால் எந்தக் கேள்வி? "யாரைத் தூக்குவது?" என்று கேட்டால் பதில் ஒரு வாரத்துக்கு ஆகும். "யாரையெல்லாம் பார்க்காமலே விட்டோம்?" என்று கேளுங்கள், அது தலைமுறைக்கு ஆகும் கேள்வி.

ஆள் தேர்ந்தெடுப்பதை எளிய காரியமாகத் தமிழன் என்றும் நினைத்ததில்லை. தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். இந்தியக் கிரிக்கெட்டில் தெரிந்தெடுத்தது யார், எதைக் கண்டு தெளிந்தார்கள் என்று புரட்டிப் பாருங்கள்.

பல்வாங்கர் பாலு என்றொரு பந்து வீச்சாளர். ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். புனாவில் மைதான வேலைக்காரராக இருந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தார். இந்துக்கள் அணிக்குத் தலைவராகும் தகுதி அவருக்கு இருந்தது. பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. சாதி குறுக்கே நின்றது. அவர் தம்பி விட்டல்தான் பெரும் போராட்டத்துக்குப் பின் 1923இல் தலைவரானார்.

1936இல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைவர் யார்? விஜயநகரம் மகாராஜ்குமார்! மூன்று டெஸ்டில் அவர் எடுத்தது மொத்தம் 33 ஓட்டம். அந்தத் தலைவரின் கீழ்தான் சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தைப் பாதி வழியில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். செங்கற்பட்டுச் சீமை மொறப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன் கதையோ இன்னும் கொடுமை. ஆக்கியிலும் வல்லவர் அவர். அதே ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் வாய்ப்பை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு கப்பலேறினார். ஆக்கி அணி தங்கம் வென்றது. கோபாலனுக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட இடமில்லை! அரண்மனைக்கு இடமிருந்தது, ஆற்றலுக்கு இடமில்லை.

அது பழங்கதை, இன்று ராஜாக்கள் இல்லை என்பீர்கள். சரி, நம்மைத் தோற்கடித்த அணியையே பாருங்கள். நிறவெறி ஆட்சி நடந்த நாளில் தென்னாப்பிரிக்க அணியில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். உலகம் ஒதுக்கிவைத்தது, 1991இல்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அந்த அணியின் தலைவராகக் கௌகாத்தியில் நின்றவர் தெம்பா பவுமா. கறுப்பின மக்கள் வாழும் கேப்டவுன் லாங்கா பகுதியின் பிள்ளை. 2025 ஜூனில் உலக டெஸ்ட் பட்டத்தை லார்ட்ஸ் மைதானத்தில் வென்றதும் அவர் தலைமையில்தான்.

இன்னொரு பெயரைக் கேளுங்கள்: சேனுரன் முத்துசாமி! டர்பனில் பிறந்தவர், முன்னோரின் வேர் நம் நாகப்பட்டினத்துப் பக்கம். கரும்புத் தோட்டத்தில் முதுகொடிய 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களை நாமறிவோம். அந்தத் தமிழ்ச் சமூகத்தின் பிள்ளை கௌகாத்தியில் 109 ஓட்டம் குவித்து நம் அணியைத் திணறடித்தார். நிறவெறிக் காலமாக இருந்திருந்தால் அவர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருப்பார். கதவை அகலத் திறந்தால் அணி பலவீனப்படும் என்போருக்கு, அந்த 408 ஓட்டமே பதில்!

நம் கதவு எப்படித் திறக்கிறது? அதையும் ஒரு தோல்வியே காட்டிக் கொடுத்தது. 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டத்துக்குள் சுருண்டது. சரியாக ஒரு மாதம். 2021 ஜனவரி 19 அன்று, 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்றறியாத பிரிஸ்பேனில் இந்தியா வென்றது! வென்றவர் யார்? பெரும்புள்ளிகள் வரிசையாகக் காயமடைந்து படுத்துவிட்டனர். வேறு ஆளில்லாமல் இறக்கப்பட்டவர்களில் ஒருவர் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசன். தந்தை தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கோழி இறைச்சிக் கடை நடத்தியவர். அந்தப் பயணத்துக்கு நடராசன் சென்றது, வலைப் பயிற்சியில் பந்து போட! ஆனால் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயரோடு திரும்பினார். பிரிஸ்பேனில் முதல் ஆட்டத்தில் 3 விக்கெட். உடன் அறிமுகமான வாஷிங்டன் சுந்தர் 62 ஓட்டம், 3 விக்கெட். ஐதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன் முகமது சிராஜ் இரண்டாவது ஆட்டத்தில் 5 விக்கெட்.

பாராட்டினோம், பட்டாசு வெடித்தோம். ஆனால் சிந்தித்தோமா? கதவைத் திறந்தது தேர்வுக் குழுவின் கண்ணா? இல்லை, மூத்தவர்களின் காயம்! காயம் வராதிருந்தால் நடராசன் வலைக்குள்ளேயே பந்து போட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார்.

அந்த வலைவரை வருவதற்கே அவர் பட்ட பாடு என்ன? இருபது வயதையொட்டித்தான் தோல் பந்தைக் கையில் பிடித்தார். அதுவரை டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஒருவர் கைதூக்கிவிட, சென்னைக்கு வந்து நான்காம் பிரிவில் தொடங்கி ஏறினார். பந்தெறியும் முறையில் ஐயம் எழுப்பினார்கள். திருத்திக்கொண்டு திரும்ப வந்தார்.

படவேட்டுப் பையனை எண்ணிப் பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் டென்னிஸ் பந்து போடுகிறான். தோல் பந்துக்குச் சமன்செய்த களம் வேண்டும், கால்காப்பு வேண்டும், கையுறை வேண்டும், தலைக்கவசம் வேண்டும். ஆடிப் பெயரெடுக்கச் சென்னைக் கழக ஆட்டம் வேண்டும். அங்கே தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாளில் கூலி போகும். இத்தனையும் தாண்டி வந்தவனைத்தான் தேர்வுக் குழு பார்க்கிறது. தாண்ட முடியாதவனை வறுமை முன்கூட்டியே 'நீக்கி' விடுகிறது. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது; அவனுக்காக எந்த மைதானத்திலும் முழக்கம் எழாது.

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டா? உண்டு! இந்தியக் கிரிக்கெட் வாரியம் பதிவு செய்யப்பட்டிருப்பது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்! 2016இல் நீதிபதி லோதா குழு அந்த வாரியத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சொன்னது நியாயம். நாட்டின் பெயரால் ஆடுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள், நாட்டு மக்களுக்குக் காரணம் சொல்லக் கூச்சப்படுவானேன்? ஒருவரைச் சேர்த்தால் ஏன் சேர்த்தோம், விட்டால் ஏன் விட்டோம் என்று நான்கு வரி எழுதி வெளியிடட்டும். சேர்த்தவருக்கு ஒரே இடத்தில் நின்று ஆட அவகாசம் தரட்டும். ஹார்மரைப் பாருங்கள்: 2015இல் இந்தியா வந்து தோற்றுப் போனவர், இங்கிலாந்தில் எசெக்ஸ் அணிக்கு ஆடிப் பதப்பட்டார், பத்தாண்டு கழித்து அவரைத் தேடி அழைத்து வந்தது அவர் நாடு. தேடுவது என்றால் அது!

மாநிலச் சங்கமும் தேடட்டும். பையன் சென்னைக்கு வரட்டும் என்று காத்திராமல் போளூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் பார்வையாளர் போகட்டும். தேர்வு நாளன்று பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் கொடுக்கட்டும். ஒன்றியத்துக்கு ஒரு பாய் விரித்த களம் போடட்டும். பணம் உள்ள வாரியத்துக்கு இது பாரமா?

நமக்கும் வேலை உண்டு, தோழர்களே! நடராசன் தன் ஊரில் 2023இல் மைதானம் திறந்தார். நம் ஊர் மன்றம் ஒரு பந்துக்கும் ஒரு கால்காப்புக்கும் வசூல் செய்யலாகாதா? புறம்போக்கு நிலத்தில் களம் கேட்டுக் கிராமசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாகாதா? கோபத்தில் கூடிப் பேசும் கூட்டத்துக்கு இது பெரிய காரியமல்ல.

408 ஓட்டத்தில் தோற்றவர்கள் பதினொரு பேர். அந்தத் தோல்வி அடுத்த தொடரில் மறந்துபோகும். ஆடிக் காட்டவே வழியின்றி வயலோரத்தில் நிற்கும் ஆயிரமாயிரம் பிள்ளைகளின் தோல்வியோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதை ஏற்றுங்கள் கணக்கில். பிறகு பேசலாம், மூன்றாவது ஆளாக யாரை இறக்குவது என்று!