சாவி யாருடைய பையில்?

2023 அக்டோபர் 21ஆம் தேதி காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை ராக்கெட் கிளம்பத் தயாராக நின்றது. புறப்பட ஐந்தே நொடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது! கோளாறைப் பார்த்துச் சரிசெய்தார்கள். பத்து மணிக்கு ராக்கெட் பறந்தது.

தீபாவளி ராக்கெட்டை இப்படி நிறுத்த முடியுமா? திரியில் பொறி பட்டுவிட்டால் ஓட வேண்டியதுதான்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறியிருப்பீர்கள். 1755இல் மைசூர் அரசு ஹைதர் அலியை இந்தச் சீமைக்குப் பௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, அனுப்பியது. பின்னாளில் அவரும் மகன் திப்புவும் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளால் ஆங்கிலேயப் படையைக் கலங்கடித்தார்கள். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த பொள்ளிலூர் போரிலும் அவை பாய்ந்தன. அத்தனையும் பக்கத்தில் நின்று கையால் பற்றவைத்தவை. பற்றவைத்த வீரர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

1950களில் அமெரிக்காவில் அட்டைக் குழாயில் மாதிரி ராக்கெட் விடும் பொழுதுபோக்கு பிறந்தது. இன்று அதில் திரிக்கு இடமே இல்லை. மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும். சின்ன ராக்கெட் என்றாலும் குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். ராக்கெட்டின் அடியில் நிக்ரோம் என்ற மெல்லிய கம்பித் துண்டு இருக்கும். அதற்குள் நிறைய மின்சாரம் பாய்ந்தால் பழுக்கக் காய்ந்து மருந்தைப் பற்றவைக்கும்.

மருந்துப் பக்கம் நாம் போகவே வேண்டாம். ஆனால் தள்ளி நின்று மின்சாரம் அனுப்பும் பெட்டியை நீங்களே செய்யலாம். நிக்ரோம் கம்பிக்குப் பதிலாக 6 வோல்ட் டார்ச் பல்பு வைத்துக்கொள்வோம். இழை உள்ள பழைய வகை பல்பு வேண்டும். அதுவும் சூடாகும் கம்பிதானே.

நான்கு பென்சில் செல்களை வரிசையாக இணைத்தால் 6 வோல்ட். அதன் நேர்முனையிலிருந்து ஒரு சாவி சுவிட்ச், அடுத்து 470 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்.இ.டி. (நீளமான கால் பேட்டரிப் பக்கம்), பிறகு நீள ஒயர், கடைசியில் பல்பு. அங்கிருந்து இன்னொரு ஒயர் பேட்டரிக்குத் திரும்பட்டும். இப்போது சாவியைத் திருப்புங்கள். எல்.இ.டி. எரியும், பல்பு எரியாது. ஏன்? பாய்வது ஏறக்குறைய 9 மில்லி ஆம்பியர்தான். எல்.இ.டி.க்கு அது போதும், பல்பின் இழையைச் சூடாக்கப் போதாது. பாதை எங்கும் அறுந்துபோகவில்லை என்று மட்டும் அது சொல்கிறது.

இனி ஒரு காலிங் பெல் பட்டனின் ஒரு முனையை மின்தடைக்கு முன்னாலும் மறுமுனையை எல்.இ.டி.க்குப் பின்னாலும் இணையுங்கள். பட்டனை அழுத்தினால் மின்சாரத்துக்குத் தடையில்லாத குறுக்குவழி கிடைக்கும். எல்.இ.டி. அணையும், பல்பு பளிச்சென்று எரியும். விரலை எடுத்தால் பட்டன் தானே விலகிக்கொள்ளும். அதற்காகத்தான் சாதாரண விளக்கு சுவிட்ச் கூடாது. யாராவது போட்டபடியே மறந்துவிடுவார்கள்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 மீட்டர் தள்ளி நின்றால், போக வர 20 மீட்டர் ஒயர். குறுக்குவெட்டு 0.2 சதுர மில்லிமீட்டரே உள்ள மெல்லிய செம்பு ஒயர் என்றால், அதன் தடை மட்டும் ஏறக்குறைய 1.7 ஓம். நிக்ரோம் துண்டு 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேட்டரி கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஒயரிலேயே வீணாகும். தடிமனான ஒயர் விலை கூடுதல்தான், ஆனால் வேலை நடக்கும்.

சாவியைப் பற்றிப் பூட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ராக்கெட் விளையாட்டில் விதி இதுதான்: ராக்கெட்டின் அருகே போய் ஒயர் முனையின் கிளிப்பை நிக்ரோம் கம்பியில் மாட்டுகிறவரின் சட்டைப்பையில்தான் சாவி இருக்க வேண்டும். அவர் திரும்பி வந்த பிறகுதான் அது பெட்டிக்குள் நுழையும். பட்டனை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லையா? முதலில் சாவியை உருவுங்கள், 60 நொடி காத்திருங்கள், அப்புறம்தான் நடக்கலாம்.

இதையும் பல்பை வைத்தே பழகலாம். உங்கள் நண்பர் பார்க்காதபோது பல்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பெட்டியை அவரிடம் கொடுங்கள். சாவியைத் திருப்பியும் எல்.இ.டி. எரியவில்லை என்பதைக் கவனிக்கிறாரா, கவனிக்காமல் பட்டனை அழுத்துகிறாரா, சாவியை உருவாமலே பல்பைப் பார்க்க ஓடுகிறாரா என்று பாருங்கள்.