கருவறை ஏன் ஆழமாகத் தெரிகிறது?

சின்னக் கோயில்களின் கருவறையை அளந்து பார்த்தால் எட்டடி, பத்தடிதான் இருக்கும். நம் ஃபிளாட்டின் படுக்கையறைகூட அதைவிடப் பெரிசு. ஆனாலும் வெளியே நின்று பார்க்கையில் அது எங்கேயோ ஆழத்தில் இருப்பதாகப் படுகிறது. பக்தி ஒருபுறம் இருக்கட்டும், இதில் கட்டடக் கணக்கும் உண்டு.

நடுப்பகல் வெயிலில் பிராகாரத்து வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தள்ளித் தருவது வெறும் 1 லக்ஸ்; ஒற்றைத்திரி அகல்விளக்கும் ஏறத்தாழ அவ்வளவே. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். மகாமண்டபம், அர்த்தமண்டபம் என்று படிப்படியாக இருட்டிக்கொண்டே போவதால் நடக்க நடக்கக் கண் பழகுகிறது. அப்போதும் பின்சுவர் அகப்படுவதில்லை. சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாத அறைக்கு மனசு அளவு போடாது. கற்பூர ஆரத்தியில் திருமேனி மட்டும் ஒரு கணம் முன்னே வருகிறது!

ஒலிக்கும் இதில் பங்குண்டு. கருங்கல் ஒலியை விழுங்குவது மிகக் குறைவு. எட்டடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு கற்சுவர்களுக்கு நடுவே வினாடிக்குச் சுமார் 70, 140 அதிர்வுகள் கொண்ட ஒலிகள் தாமே வலுப்பெறும். பேசும் ஆண்குரலின் அடி அதிர்வு பொதுவாக 100 முதல் 150 வரை. குருக்கள் மெல்லச் சொன்னாலும் மந்திரம் கனத்து ஒலிப்பது இப்படித்தான். பாதத்துக்கும் சேதி உண்டு: வெளியே சுடுகிற கல், உள்ளே குளிர்கிறது.

வெளிமாநிலங்களில் நாம் கட்டுகிற கோயில்களில் என்ன செய்கிறோம்? ஒரே பெரிய ஹாலில் எல்லாச் சந்நிதிகளையும் வைத்து, சுவரெல்லாம் பளபள டைல்ஸ் ஒட்டி, டியூப்லைட் போட்டு, மைக்கும் கொடுத்துவிடுகிறோம். டைல்ஸும் கல்லைப் போலவே ஒலியைத் திருப்பியனுப்பும், அதில் குறையில்லை. ஆனால் விளக்கு அதில் பிரதிபலிப்பதால் சுவரின் ஒவ்வொரு மூலையும் தெரிந்துவிடுகிறது. பெரிய ஹாலின் எதிரொலியோடு மைக்கும் சேர்ந்தால் மந்திரத்தில் ஒரு சொல்லும் விளங்காது. விடுமுறைக்கு ஊருக்குப் போகாத பிள்ளைகளுக்குக் கோயில் என்றால் இதுதான் என்று பதிந்துவிடும்.

தில்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில், 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோயிலைக் கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். எல்லாச் சங்கத்துக்கும் அந்த வசதி வராது. கருவறைக்குள் டியூப்லைட்டைத் தவிர்ப்பதற்கும், சுவருக்குப் பளபளப்பில்லாத கல்லைத் தேர்வதற்கும், அர்ச்சனை நேரத்தில் மைக்கை அணைப்பதற்கும் பெரிய செலவில்லை. ஒன்று மட்டும், வயசானவர்கள் தடுக்கி விழாதபடி வாசற்படியருகே, தரையை மட்டும் காட்டுகிற மாதிரி, தாழ்வாக ஒரு சிறு விளக்கு வைத்துவிட வேண்டும்.